வீட்டோடு மாப்பிள்ளை சுமந்த கல்

பனாமாக் கடலோரத் தீவுகளில் வாழும் குணா பழங்குடிச் சனத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அர்னுல்ஃபோ அந்தத் தீவுக்குப் போனது பத்தொன்பது வயதில். மாமனார் வைத்த முதல் வேலை, கடலுக்கடியில் பவளப்பாறையைப் பெயர்த்து வந்து வீட்டுப் பின்புறத்துக் கடலைத் தூர்ப்பது. எல்லா மாப்பிள்ளைகளும் அப்படித்தான் தீவை வளர்த்தார்கள். கல் சிறுத்துவிட்டால், "என்ன மாப்ள, கடலுக்கு வலிக்கும்னு பாத்தியா?" என்பார் மாமனார். நாற்பது வருடம் சுமந்ததில் ஒரு வீடு நிற்கும் அளவு நிலம் சேர்ந்தது. மகள் ப்ரிசெய்தா குடியிருந்தது அதில்தான்.

அலையைத் தடுத்து நின்றதே அந்தப் பாறைதான் என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. வருடா வருடம் கடல் வீட்டுக்குள் வந்தது, முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால். மனைவி டியோசெலினா அந்தத் தண்ணீரில் நின்றே சமைத்தாள். போன வருடம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெரியவர்களுக்கும் படுக்கை தூளிதான்; அக்கரை ஆற்றோரத்தில், அவள் படுத்த தூளியோடு புதைத்தார்கள். அன்றிலிருந்து அர்னுல்ஃபோவுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

அக்கரையில் புது ஊர் கட்டி முடிந்ததும் தீவே கிளம்பியது. அவர் மட்டும் அசையவில்லை.

"யாருக்குப்பா காவல் இருக்கீங்க?" என்றாள் ப்ரிசெய்தா.

"நான் போட்ட கல்லும்மா. விட்டுட்டு எப்படி வர?"

"அந்தக் கல்லாலதான் இந்தத் தண்ணியே. ஊரே சேந்து பேத்துச்சு, நீங்க ஒத்த ஆளா இருந்து என்ன கிழிக்கப் போறீங்க? நீங்க வரலன்னா நானும் பிள்ளைங்களோட இங்கயே கெடக்கேன்."

அவர் எழுந்து தன் தூளியை அவிழ்த்தார்.

ஆற்றுமுகத்தில் இடப்பக்கம் இடுகாடு, வலப்பக்கம் புது ஊர். அக்கரைக்குத் தூளி போனால் அது சாவுக்குத்தான் என்பது அதுவரை தீவில் வழக்கம். படகோட்டி எலிசியோ சும்மா இருப்பானா? "மாமா, தூளியோட ஏறுறீங்களே, இடதா, வலதா?"

ப்ரிசெய்தா அவனை முறைத்தாள்.

"இன்னிக்கு வலது. இடது எங்கயும் ஓடிடாது," என்றார் அவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும், தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற பழக்கத்தில் தூளியிலிருந்து காலை மெல்ல இறக்கினார். பாதம் சிமெண்டில் பட்டது. காய்ந்த தரை. அவர் சுமந்த கல் ஒன்றுகூட அதில் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாழைக்காய் போட்ட மீன் குழம்போடு வந்த ப்ரிசெய்தா பயந்துபோய், "என்னப்பா பண்ணுது?" என்றாள்.

"உங்கம்மா ஒரு நாளாவது காஞ்ச தரையில நின்னு சமைச்சிருக்கணும்," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.