லாச்சிக்குள் இருக்கும் புரொசசர்

என் மேசையின் மேல் லாச்சியில், அதாவது இழுப்பறையில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில், ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு கிடக்கிறது. அதற்குள் ஒரு புரொசசர். கம்ப்யூட்டரின் மூளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்களே, அதுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரம். அடியில் தங்க நிறத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிக் கால்கள், ஒன்றுகூட வளையவில்லை. இன்றைக்குப் பொருத்தினாலும் ஓடும். கடையில் என்னோடு பங்காளியாக இருக்கும் மச்சான் அதை அவ்வப்போது கையில் எடுத்து, "இத வித்தா என்ன? சும்மா தானே ஈக்கி" என்று கேட்பார். நான் வாங்கித் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். கஞ்சத்தனம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன், ஏனென்றால் உண்மையான காரணத்தைச் சொல்வதைவிடக் கஞ்சன் என்று பெயரெடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

கண்டி மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் கடை. கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். எந்த மதர்போர்டுக்கு எந்தப் புரொசசர் சேரும் என்பதில் அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மற்றக் கடைகளில் குழம்பிப்போனவர்களை என்னிடம் அனுப்புவார்கள். பலர் நினைப்பதுபோல, குழியில் கால்கள் பொருந்திவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. புரொசசர் புதிதாகவும் போர்ட் பழையதாகவும் இருந்தால், போர்டுக்கு வந்திருப்பவர் யாரென்றே தெரியாது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். போர்டின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் மென்பொருளை முதலில் புதுப்பிக்க வேண்டும், அதுவும் பழைய புரொசசர் இருக்கும்போதே செய்ய வேண்டும். இதையெல்லாம் நான் வாடிக்கையாளர்களுக்கு நின்று நிதானமாக விளக்குவேன். அவர்கள் தலையாட்டுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த சமயம் டீச்சர் வந்தார். ஹேவாஹெட்ட பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். முந்திய வருடம் அவருடைய கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோயிருந்தார். அதைத் தானாகச் சொல்லவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டை நான் கழற்றியபோது உள்ளே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் சொன்னார். எங்களை, முஸ்லிம் கடைக்காரர்களை, அண்ணா என்பதற்குப் பதில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவரு எழுதி வச்சது நானா. அவருதான் இத பார்ட் பார்ட்டா வாங்கிப் பூட்டுனாரு."

காகிதத்தில் மேலே மதர்போர்டின் இலக்கம். கீழே அந்தப் போர்டுக்குச் சேரக்கூடிய மூன்று புரொசசர்களின் பெயர்கள். நடுவில் இருந்ததற்கு அடியில் இரண்டு கோடுகள் போட்டு, பக்கத்தில் 'பாப்பா ஸ்கூல் போகும்போது' என்று எழுதியிருந்தது. கையில் இருந்த காசுக்கு ஒரு சின்னப் புரொசசரை வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு பெரியது போடலாம் என்று யோசித்து அதற்கேற்ற போர்டாகப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார் அந்த மனிதர். நானே தேர்ந்திருந்தாலும் அதைத்தான் தேர்ந்திருப்பேன். முகம் தெரியாத அவர்மேல் எனக்கு அந்த இடத்திலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. பாப்பா அந்த வருடம்தான் முதலாம் வகுப்பு. பாடமெல்லாம் கம்ப்யூட்டரில், பழைய புரொசசர் திணறிக்கொண்டிருந்தது. கோடு போட்டதையே போட்டுத் தாருங்கள் என்று டீச்சர் கேட்டார்.

"ஆனா நானா, இதுல இருக்கிறது ஒண்ணும் போயிறக்கூடாது."

என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, கடையிலேயே கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு வீடியோவைத் திறந்து காட்டினார். தோட்டத்து லய வீட்டு வாசற்படியில் ஒரு சின்னப் பிள்ளை பிஸ்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படம் பிடிப்பவர் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்கிறது: "பாப்பா, அப்பாவப் பாரு... இங்க, இங்க... சிரிக்கச் சொன்னா மொறைக்கிறா பாரு." பிறகு ஒரு சிரிப்பு. சிரித்து முடிக்கையில் மெல்லிய இருமலாக மாறிவிடும் சிரிப்பு. அப்படி இருநூறுக்கு மேல் இருக்கிறது என்றார் டீச்சர். எல்லாவற்றிலும் பிள்ளைதான், அவர் எப்போதும் கமராவுக்குப் பின்னால். போன் நிறைந்ததும் எல்லாவற்றையும் இதில் போட்டுவிடுவாராம். அந்தப் போன் விபத்தோடு போய்விட்டது.

"வேற எதுலயும் கொப்பி எடுத்து வைக்கணுமா நானா?"

"தேவல்ல டீச்சர். டிஸ்க்ல நாங்க கையே வைக்கமாட்டம். எல்லாம் அப்படியே ஈக்கும். நான் பொறுப்பு."

என் உம்மா என்றால், நாளைக்கு மழை வரும் என்று சொல்வதற்குக்கூட இன்ஷா அல்லாஹ் சேர்த்துத்தான் சொல்வார். நான் அன்றைக்கு அதுவும் சொல்லவில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு என்மேல்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். போர்டின் மென்பொருளைப் பழைய புரொசசரோடு புதுப்பித்தேன். அணைத்து, மீண்டும் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பழையதைக் கழற்றிக் கூட்டில் வைத்தேன். புதியதை வைத்து, பசை தடவி, காற்றாடியைப் பூட்டினேன். முதல் தடவையிலேயே திரை வெளிச்சமானது. போர்டும் புரொசசரும் அவ்வளவு அழகாகச் சேர்ந்தன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி வந்தது. புதுப் புரொசசர் போட்டிருக்கிறீர்கள், பழையதோடு இருந்த சாவிகளை அழிக்கவா என்ற கேள்வி. அழிக்க Y, வைத்திருக்க N. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் சாவி இல்லாமல் திறக்காது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்தக் கேள்வியை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். கடைசி வரி வரைக்கும் ஒரு தடவையும் படித்ததில்லை. எங்கள் தொழிலில் யாரும் படிப்பதில்லை. Y அடித்தால் அடுத்த திரை வரும், அவ்வளவுதான். எனது விரல் போய் அடித்தது. நான் அடித்தேன்.

நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்கங்களைக் கேட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருந்தது. டீச்சருக்கு அது தெரியாது. அவர் கணவருக்குத் தெரிந்திருந்ததா என்று இனிக் கேட்க ஆளில்லை. அதன் சாவியைத்தான் நான் Y அடித்து அழித்திருந்தேன். பழைய புரொசசரைத் திரும்பப் போட்டேன். நான் N அடித்திருந்தால் அந்த நொடியே எல்லாம் பழையபடி திறந்திருக்கும். இப்போது அந்தக் கேள்வியே வரவில்லை. எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் நீலத் திரைதான். அந்தக் கேள்வியை அது ஒரு தடவைதான் கேட்கும்.

டீச்சருடைய கணவரின் ஈமெயில் கணக்கில் அந்த நாற்பத்தெட்டு இலக்கச் சாவி இருக்கலாம் என்று ஒரு வழி தெரிந்தது. உள்ளே போவதற்கான இரகசிய எண், இறந்தவரின் பழைய போன் இலக்கத்துக்குத்தான் போகும். அந்த இலக்கம் அதற்குள் யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது. நான் வரச்சொன்னதும் வந்த டீச்சர் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, தன் போனில் 'அவர்' என்று இருந்த பெயரை அழுத்தினார். மணி போனது. ஒரு சிங்களப் பெண் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், வந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். உள்ளே போனோம். சாவி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த மணி அடிக்கும்போது டீச்சரின் முகம் இருந்த விதத்தை நான் எழுத விரும்பவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் கூசாமல் வேறொன்றைச் சொன்னேன்: "டிஸ்க் பழசு டீச்சர். பெட்டியத் தொறந்து வேல செய்யக்குள்ள சில நேரம் இப்படி லொக் ஆகும்."

டீச்சர் பெட்டியின் மேல் கையை வைத்தார். "அப்ப நான் கொண்டு வந்திருக்கவே கூடாது" என்றார்.

நான் மறுக்கவில்லை. புது டிஸ்க் ஒன்றை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். நல்ல மனிசன் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். பழைய டிஸ்க்கைச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். கழற்றிய பழைய புரொசசரைக் கடைக்கே விட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அப்படித்தான் அது என் லாச்சிக்கு வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஹேவாஹெட்ட பஸ் கண்டக்டரிடம் ஒரு முறுக்குப் பார்சல் வரும். பெருநாளைக்கு வாழ்த்துச் செய்தி வரும். அதன் அடியில் எப்போதும் ஒரே கேள்வி: புதுசா ஏதாவது வழி வந்திருக்கா நானா? இன்னும் இல்லை டீச்சர் என்று எழுதுவேன். முறுக்கை வீட்டில் பிள்ளைகள் தின்பார்கள். நான் பார்சலைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி. கடையில் தனியாக இருக்கும்போது, கம்ப்யூட்டர்களின் காற்றாடிச் சத்தத்துக்கு நடுவில் அந்தச் சிரிப்பு கேட்கும், இருமலில் முடியும் சிரிப்பு. முதலில் கொஞ்ச நாளில் போய்விடும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதங்களுக்கு முன், யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு மச்சான் புரொசசர் மாற்றிக்கொண்டிருந்தார். திரையில் அதே வெள்ளை எழுத்து. அவருடைய விரல் Y பக்கம் போனது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "என்ன பைத்தியமா?" என்று கையை உதறினார். அன்றைக்குத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பொம்புளைக்கிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை தினத்தில் கடை பூட்டு. புரொசசரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். தலாத்துஓயா தாண்டி மலை ஏற ஏற, இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் தோன்றியது. பாப்பா புலமைப்பரிசில் வகுப்புக்குப் போயிருந்தாள். டீச்சர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: கேள்வி வந்தது, நான் படிக்கவில்லை, Y அடித்தேன், டிஸ்க்கில் ஒரு பிழையும் இல்லை, உங்களிடம் பொய் சொன்னேன்.

"N அடிச்சிருந்தா?"

"பழைய புரொசசரத் திரும்பப் போட்டா எல்லாம் அப்படியே ஈந்திருக்கும் டீச்சர்."

அவர் கையை நீட்டினார். கூட்டைக் கொடுத்தேன். திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்து அந்த ஊசிக் கால்களைப் பார்த்தார்.

"நாலு வருசமா நான் என்னயத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அவரு கொரலு எனக்கே மறந்துருச்சு நானா. பாப்பா கேட்டா சொல்லத் தெரியல. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஈக்கி டீச்சர்."

"சொல்லுங்க."

பாப்பா, அப்பாவப் பாரு, இங்க, இங்க என்று சொன்னேன். சிரிக்கச் சொன்னா மொறைக்கிறா பாரு என்றும் சொன்னேன். வந்தது என்னுடைய குரல்தான், கெலிஓயாக் கடைக்காரன் ஒருவனின் குரல். சிரிப்பு வரும் இடத்தில் நான் நின்றுவிட்டேன். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்பதுபோலத் தலையை அசைத்தார். கூட்டை என் கையில் திருப்பி வைத்தார்.

"இத நீங்களே வச்சிருங்க நானா."

போன கிழமை தீபாவளி. அன்று மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் போய் ஹேவாஹெட்ட பஸ்ஸின் பக்கத்தில் நின்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, டீச்சர் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை என்று கையை விரித்தார். கடைக்குத் திரும்பி வந்து லாச்சியைத் திறந்தேன். ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் கூடு இருந்தது. மச்சான் இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை. அவருக்குக் காற்றாடிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பும் கேட்கிறது. கேட்க வேண்டிய இருவரும் மலையில் இருக்கிறார்கள்.