டெட்ரோயிட் குணம் அடித்த அடி

குணம் அண்ணை செத்துவிட்டார்.

நேற்றுக் காலை, துன் நகரில், ஹோட்டல் லாண்டரியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சடைப்பு. அவருடைய மனைவி மலர் அக்காதான் போன் எடுத்துச் சொன்னார். "இயற்கை எய்தினார்" என்று எழுத வந்தேன்... அந்த மனுசனுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

இங்கே சுவிஸில், டீட்டிகோனில் ஒரு கராஜில் ஏழு வருடம், கார் தூக்கும் பக்கத்துப் பக்கத்து லிஃப்டில் நின்று வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. கராஜில் அவருக்குப் பெயர் டெட்ரோயிட் குணம்.

காரணம் டெட்ரோயிட்டில் பிறந்த அந்த அமெரிக்கக் கார் கம்பனி. பெயர் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் ஒருநாளாவது அதில் ஏறியிருப்பீர்கள். அண்ணைக்கு அது குலதெய்வம்.

அவருடைய அப்பாவிடம் அந்தக் கம்பனியின் நீல டிரக்டர் ஒன்று இருந்ததாம். ஊரில் வெட்டும் சூடும் தொடங்கிய அன்று, பின்பெட்டியில் சனத்தை அடைத்துக்கொண்டு வயல்வெளியால் ஓடித் தப்பினார்களாம். டயரில் வெடி பட்டும் நிற்கவில்லையாம். "அமெரிக்காக்காரன்ட இரும்பு மனே, சும்மாவா?" என்பார். மகனே என்பது அவர் ஊரில் 'மனே'.

கம்பனியின் ஹிஸ்டரி முழுக்க மனப்பாடம். ஆள் நின்ற இடத்தில் நிற்க, கார் நகர்ந்து நகர்ந்து வரும் முறையைப் பெரிதாக்கியது... முதலாளி கூலியை இரட்டிப்பாக்கியது... தொழிலாளியும் தான் பூட்டிய காரையே வாங்கி ஓடியது... கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

குறை சொன்னால் அடிதான். துருப்பிடிக்கும், பெட்ரோல் குடிக்கும் என்று ஒரு சுவிஸ்காரன் சிரித்தான். அண்ணை வீல் ஸ்பானரை எறிந்தார். அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவர் பெயர்ந்தது. பிறகு போய் ஸ்பானரை எடுத்து, துடைத்து, வேலையைத் தொடர்ந்தார்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. எனக்கு வாய்.

ஒருநாள் ஒன்பது மணி ஸ்னூனிக் கோப்பி இடைவேளையில் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினேன். தொழிற்சங்க நோட்டீஸ் கொடுக்க வந்த ஆட்களை, அந்தக் கம்பனி வைத்திருந்த அடியாட்கள் பாலத்தின் மேல் வைத்து அடிக்கிற படம். ஒருத்தரின் கோட்டைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிவிட்டுக் குத்துகிறார்கள்.

"பாருங்கோ அண்ணை, உங்கட கடவுள் செய்த வேலையை. அடிச்சுப்போட்டு, நாங்கள் அடிக்கேல்லை எண்டும் சொன்னவங்கள்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன்.

முதல் குத்து வாயில். இரண்டாவது மூக்கில். கோப்பி மெஷினோடு சேர்ந்து சாய்ந்தேன்... கொலரில் பிடித்து நிமிர்த்தி மூன்றாவது. என் முன்பல் நிலத்தில் கிடந்தது, வாய் முழுக்க ரத்தம்.

"இல்லண்டா சொன்னானுகள்? அடிச்சிப்போட்டு இல்லண்டா சொன்னானுகள்?" என்று கத்திக்கொண்டே நாலாவதுக்குக் கை ஓங்கினார். நாலு பேர் சேர்ந்துதான் இழுத்தெடுத்தார்கள். வெளியே நின்ற ஒரு கஸ்டமர் சத்தம் கேட்டுப் பொலிஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

அண்ணைக்கு அப்போது தற்காலிக எஃப் விசா. நிலையாகத் தங்க, பி விசாவுக்கு விண்ணப்பம் போயிருந்த நேரம். அடிதடிக் கேஸ் ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு.

வீங்கிய வாயோடு பொலிஸிடம் சொன்னேன்... ஒருத்தரும் அடிக்கவில்லை, எண்ணெயில் வழுக்கி விழுந்தேன் என்று. பிடித்து இழுத்தவர்களையும் அப்படியே சொல்ல வைத்தேன். எங்கள் ஆளை நாங்களே காட்டிக் கொடுப்பதா? அப்படித்தானே வளர்ந்தோம்.

பெரிய உபகாரம் செய்த நினைப்பில் அதை அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"என்ட தம்பிய ஆமிக் காம்ப்புக்குள்ள வெச்சி அடிச்சிக் கொன்னானுகள் மனே. சாவுத் துண்டில என்ன எழுதித் தந்தானுகள் தெரியுமா? வழுக்கி விழுந்தானாம். நீயும் அதையே சொல்லிட்டியே."

அடுத்த நாள் தானாகவே பொலிஸுக்குப் போய் "நான்தான் அடிச்சன்" என்று சொல்லியிருக்கிறார். என்னை மறுபடி கூப்பிட்டார்கள். நான் மறுபடியும் வழுக்கி விழுந்ததாகவே சொன்னேன். கேஸை மூடிவிட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து, உடுப்பு மாற்றுகிற அறையில் முன்னால் வந்து நின்றார். திரும்பவும் அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஒருக்கா சொல்லு. ஒரேயொருக்கா. குணம் அடிச்சான் எண்டு. எனக்கு விசா வேணாம்."

"உங்களுக்கு விசரோ அண்ணை? பிள்ளையளை யோசியுங்கோ!" என்று கத்தி அனுப்பிவிட்டேன்.

அதன்பிறகு அந்தக் கம்பனியின் பெயரை அவர் வாயால் நான் கேட்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் துன்னுக்குப் போனார். விசா கிடைத்தது என்று ஆரோ சொன்னார்கள்.

எனக்குச் சரியான கோபம். அடி வாங்கியதும் நான், காப்பாற்றியதும் நான், கடைசியில் குற்றவாளியும் நானா? ஆறு வருடம் கதைக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

நேற்று மலர் அக்கா அழுதுகொண்டே சொன்னார். "உங்களப் பத்திக் கதைச்சா ஒண்டுதான் சொல்லுவார் தம்பி. நல்ல பொடியன், ஆனா சொல்ல மாட்டான் எண்டு..."

அன்று கராஜில் நின்றவர்களும் இந்த மெயில் லிஸ்டில் இருக்கிறீர்கள். உங்களையும் பொய் சொல்ல வைத்தவன் நான்தான். எல்லோரும் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

அண்ணை, நீங்கள்தான் அடிச்சனீங்கள். மூண்டு தரம்.

நான் வழுக்கி விழேல்லை.

போயிட்டு வாங்கோ.