வடாமைப் பறிமுதல் செய்த உலகநாதன்

மேனாம்பேட்டு உலகநாதன் ஒரு லீசிங் கம்பெனியில் வெகுகாலம் வண்டி தூக்கியவர். தவணை தவறியவன் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவனுடைய லாரி அம்பத்தூர் யார்டில் நிற்கும். அவருடைய அப்பா அதே வட்டாரத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். மகனோ எதையும் ஓரிடத்தில் நட்டுவைக்க விட்டதில்லை. குடும்பம் முன்னேறியது இப்படித்தான்.

பிறகு கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்து, சோலாரில் முதலீடு செய்தது. மொட்டை மாடிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பேனல் போட்டு, வருகிற கரண்ட்டை விற்பது திட்டம். உலகநாதனுக்கு 'சூரிய சொத்துப் பாதுகாப்பு அலுவலர்' என்று பட்டம் கிடைத்தது. சூரியனைப் பாதுகாக்க ஓர் ஆள் தேவைதானே.

ஒரு சித்திரை மாதக் காலையில் மேனேஜர் பரத் அழைத்தார்.

"அண்ணா, முத்தம்மாள் வீட்டு மாடில பாதி கரண்ட்தான் வருது. இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா உங்க வேலைய என்னால காப்பாத்த முடியாது."

உலகநாதன் மாடியேறினார். பேனல்கள்மேல் வேட்டி விரித்திருந்தது. வேட்டி முழுக்கக் கூழ் வடாம். குடைநிழலில் முத்தம்மாள் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"பாத்தா தெரில? மாடி பூரா நீங்க அடைச்சிகினா நான் எங்க காய வெப்பேன்? இதுமேல போட்டா சீக்கிரமா மொறுமொறுன்னு ஆயிடுது நைனா."

"இங்க வுழுற வெய்யிலு கம்பெனிக்கு எழுதிக் குடுத்ததுக்கா!"

"மாடியதான் எழுதிக் குடுத்தேன். வெய்யிலு இன்னா உங்க மொதலாளி ஊட்டுதா?"

உலகநாதனின் தூக்கும் பழக்கம் விழித்துக்கொண்டது. அவள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியதும், வேட்டியின் நான்கு மூலைகளையும் முடிந்து, பைக்கில் வைத்து, வடாமை யார்டுக்குக் கொண்டு போய்விட்டார்.

லாரியைத் தூக்கினால் லாரியாகவே வந்து சேரும். ஈர வடாம் அப்படியல்ல. முடிச்சை அவிழ்த்தபோது ஒரே ஒரு வடாம்தான் இருந்தது, தலையணை அளவில்.

அவர் ஆபீசுக்குத் திரும்பிய சற்று நேரத்தில் முத்தம்மாள் தெருப் பெண்களோடு அங்கே வந்தாள்.

"டேய் உலகு, ஜெவ்வரிசி போட்டுக் கிண்டுனதுடா! உன் பேனலு எதுவும் வாணாம். நாளைக்கே கயட்டிகினு போ!"

பரத் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உலகநாதனின் வேலை வாசல்வரை போய்விட்டது. உலகநாதன் வேறெங்கும் பார்க்க முடியாமல் மேலே கூரையைப் பார்த்தார்; பார்த்ததும் அதற்கு மேலிருக்கும் மாடி நினைவுக்கு வந்தது. ஊர் மாடிகளிலெல்லாம் பேனல் போட்ட கம்பெனியின் சொந்த மாடி, வெயிலில் சும்மா கிடந்தது.

"அக்கா, எங்க ஆபீஸ் மாடிக்கு வர்றியா? புதுசா கிண்டிக் குடு, செலவு என்னுது. காக்கா நானே ஓட்டறேன்."

முத்தம்மாள் யோசித்தாள். "மழ வந்தா?"

"நானே வாரி உள்ள வெப்பேன்."

வடாம் ஆபீஸ் மாடிக்குக் குடியேறியது; முத்தம்மாள் வீட்டுப் பேனல்கள் முழுக் கரண்ட் தரத் தொடங்கின. 'தடை அகற்றப்பட்டது' என்று பரத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வேலை தப்பியது.

அந்த வாரமே யார்டிலிருந்து பழைய கூட்டாளி அப்துல் ரசாக் போன் செய்தார். "அண்ணாத்தே, பூந்தமல்லி ரோட்ல தவண கட்டாத நம்ம லாரி ஒண்ணு தனியா நிக்கிது. உன்னாட்டம் தூக்க ஆளில்ல, வா!"

சூரிய சொத்துப் பாதுகாப்பு அலுவலர் ஆபீஸ் மாடியில், கையில் குச்சியோடு வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"முடியாது பாய். ஒரு பக்கம் இன்னும் ஈரமா கீது."