அக்காவின் கைக்கு அடங்கிய சக்கரம்

அக்காவின் கணவரான மச்சானிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. கணியூருக்குப் பக்கத்தில் அவருடைய தென்னந்தோப்புக்கு வேலிகளுக்கு நடுவே போகிற மண்தடமான இட்டேரியில், மழைக்காலத்தில் வேறு வண்டி நுழையாது. வாங்கிய புதிதில் கோயம்புத்தூர் வரை போய் அகலமான அலாய் ரிம்மும் பெரிய டயரும் மாட்டிக்கொண்டு வந்தார். சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கடைவீதியில் நிறுத்தினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிப்போனது; பேச்சும் குழறியது. ஜீப் வாசலில் வெயிலில் நின்றது. டயர்களின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்ததை, பனியன் கம்பெனி லீவில் ஊருக்குப் போயிருந்த நான்தான் பார்த்தேன்.

"வித்தரலாமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு விக்கோணும்? நானே ஓட்டறேன்" என்றாள் அக்கா.

அதற்குள் அவள் உடுமலைக்குப் போய்க் கார் ஓட்டப் பழகியிருந்தாள். ஆனால் இந்த ஜீப்பில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் அந்த அகலச் சக்கரங்களைத் திருப்ப, அவள் இருக்கையை விட்டு எழுந்து தொங்க வேண்டியிருந்தது. எப்படியும் டயர் மாற்றியாக வேண்டும், ரிம்மையும் சேர்த்துக் குறுகலாக மாற்றினால் ஸ்டியரிங் இளகும் என்றார் மெக்கானிக். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் மூவரும் திருப்பூருக்குக் கிளம்பினோம். நான்தான் மெதுவாக ஓட்டி வந்தேன். டயர் கடைக்காரர் தெற்கத்திக்காரர். பிழைக்க வந்து இங்கேயே நிலைத்தவர். ஜீப்பைப் பார்த்ததும் அவர் கண் மின்னியது.

"இந்த வண்டிக்கு இதே சைஸ்தாம்மா எடுப்பு. இதைவிடப் பெருசாவே நம்மகிட்ட இருக்கு. ரோட்டுல போனா கம்பீரமா இருக்கும்லா?"

"பாக்கறதுக்கு இல்லீங்க. நான் ஓட்டறதுக்குங்க" என்றாள் அக்கா.

அவர் புன்னகையோடு மச்சான் பக்கம் திரும்பினார். "சார் என்ன சொல்லுதீங்க?"

மச்சானுக்கு வார்த்தை சீக்கிரம் வரவில்லை. கடைக்காரருக்கு அப்போதுதான் நிலைமை புரிந்திருக்க வேண்டும். அவசரப்படுத்தாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மச்சான் உட்காரவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த குறுகலான பழைய இரும்பு ரிம்களிடம் நடந்து போனார். டயர் மாட்டித் தயாராக இருந்தவை அவை. ஒவ்வொன்றின் போல்ட் ஓட்டைக்குள்ளும் இடது கை விரலை விட்டுச் சுற்றித் தடவினார். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது... வேண்டாம். ஓட்டை... தேஞ்சிருக்குது."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். ஓட்டை ஒரு பக்கமாக இழுத்து முட்டை வடிவில் இருந்தது. மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறொன்றை உருட்டி வந்தார்.

"முன்னால மட்டும்... மாட்டிப் பாருங்க" என்றார் மச்சான்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரங்கள் இரண்டையும் மாற்றி வண்டியைக் கீழே இறக்கினார்கள். அக்கா ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். சக்கரம் திரும்பியது. அந்தப் பக்கமும் திரும்பியது. எழுந்து தொங்காமல், இருக்கையில் இருந்தபடியே அவள் அதைத் திரும்பத் திரும்பச் செய்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாலும்... இதயே போட்டுருங்க" என்றார்.

கழற்றிய அலாய் ரிம்களைக் கடைக்காரரே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஏனுங்க, ஊட்டுலயே கெடக்கட்டுமுங்க. உங்களுக்குப் புடிச்சதாச்சே" என்றாள் அக்கா.

"கெடந்து என்ன பண்ணப் போவுது, புள்ள" என்றார் மச்சான். குழறாமல் வந்த வார்த்தைகள். கடைப் பையன்கள் அவற்றை உள்ளே உருட்டிக்கொண்டு போகும்போது மட்டும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

பல்லடம் தாண்டியதும் ஸ்டியரிங்கை அக்காவிடம் கொடுத்தேன். மச்சான் இடப்பக்கம் உட்கார்ந்து "கியரு, கியரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் சலிக்காமல் "ஆமாங்க, போட்டாச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் கம்பெனிக்குப் போன் வந்தது.

"தம்பி, இட்டேரிச் சேத்துல ஜீப்பு மாட்டிக்கிச்சு. டிராக்டருக்குச் சொல்லி உட்டிருக்கறேன்" என்றாள் அக்கா.

பதறிப்போய், மச்சான் எங்கே என்று கேட்டேன்.

"வண்டிக்குள்ளதான் இருக்கறாரு. அகல டயரா இருந்தா மாட்டியிருக்காதாமா. அதயே சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. நீயே கேளு."

போனை அவர் பக்கம் நீட்டியிருப்பாள். மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.