ரிலீவரிடம் சொல்லாமல் போனவன்

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர் இன்னாசிமுத்து. மனைவியோடு மலேசியா போய்த் திரும்பி ஒரு வாரமாகியும் அவருக்குக் கொதிப்பு அடங்கவில்லை. மந்தாரக்குப்பம் டீக்கடையில் யார் எதைக் கேட்டாலும் அங்கே தங்கிய ஓட்டல்காரனைத்தான் திட்டினார்.

ரொக்கமாகக் கொடுத்தால் வாடகையில் தள்ளுபடி, ஆனால் பில் கிடையாது என்றான் சாயங்காலம் கவுண்டரில் இருந்த தமிழன். இவரும் சந்தோஷமாகக் கொடுத்தார். காலையில் கவுண்டரில் வேறு ஆள். பணம் கட்டியதாகப் பதிவே இல்லை என்று, வந்தபோது வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் தர மறுத்தான். முழு வாடகையையும் மறுபடி அழுதுவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள்.

அன்று செங்குட்டுவன் வீட்டுக்கு வந்திருந்தார். சுரங்கத்தில் இவருடைய ஷிப்ட் முடிந்ததும் வந்து மிஷினை ஏற்றுக்கொள்ளும் ரிலீவராக இருந்தவர் அவர்.

"காசு போனா போவுது செங்குட்டுவா. ரிலீவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எவனாவது வூட்டுக்குப் போவானா? கன்வேயர் பெல்ட்டு லேசா கிழிஞ்சிருந்தாகூட நின்னு ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான போவேன்! பொறுப்பு கெட்ட நாயி!"

காபி கொண்டுவந்த மனைவி லூசியம்மாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"அவன் சொல்லாம ஒண்ணும் போவல. நல்லா சொல்லிட்டுத்தான் போயிருக்கான். பங்கு பேசி முடிச்சிட்டுத்தான் காலைல வந்தவன் நம்ம பாஸ்போர்ட்ட புடிச்சிகினு நின்னான்!"

இன்னாசிமுத்து செங்குட்டுவனைப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.