கல்யாண மண்டபமும் ஐஸ் பெட்டியும்

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். தனி முகவரி வாங்கச் சொன்னதற்கு மண்டபக்காரர், "எதுக்குங்க தெண்டமா? மச்சான் சைட்டு சும்மாதான கெடக்குது, அதுல ஒரு ஓரமா போட்டுடுங்க" என்றார். மச்சான், பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுபவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் போட்டேன்.

என் லேப்டாப்பில் மண்டபத்தின் சைட் மட்டும் தனியாக ஓடியது. எல்லாரும் பார்க்கும் சர்வரில் அது ஐஸ் பெட்டி சைட்டுக்குள் ஒரு போல்டர். முன்பதிவு லிங்க்கின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு இருந்தது. சைட்டின் தலைவாசலில் போய்த் தேடு என்று அதற்கு அர்த்தம். லேப்டாப்பில் தலைவாசல் மண்டபத்துடையது. சர்வரில் மச்சானுடையது. மச்சானிடமும் அதே பெயரில் ஒரு முன்பதிவுப் பக்கம் இருந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடிக்க முதலில் அதைத் திறந்தவர் சிங்கவரத்துக்காரர் ஒருவர், பெண்ணின் அப்பா. சம்பந்தி வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் லிங்க்கைத் தட்டினார். கண்ணாடிப் பெட்டியின் படம் வந்தது. 'துக்க நேரத்தில் உங்களுடன்' என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்விட்டார். மறுநாள், சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

விஷயம் தெரிந்ததும் சாய்கோட்டை எடுத்துவிட்டேன். பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சகுனம் இல்ல, கம்ப்யூட்டர் தப்புன்னு அவங்ககிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பொண்ணு சாப்டாம கெடக்குது" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவரோடு கிளம்பினேன்.

மாப்பிள்ளை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து லிங்க்கைத் தட்டிக் காட்டினேன். வாழைமரம் கட்டிய மண்டபம் பளிச்சென்று வந்தது. லேப்டாப்பில் அந்தத் தப்பு எந்நாளும் நடந்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் போனில் தட்டினார். அதிலும் மண்டபம். அதைத்தான் நான் சரிசெய்துவிட்டேனே.

"எல்லாருக்கும் நல்லாத்தான வருது? அவரு தொட்டா மட்டும் பொட்டி வருதுன்னா, அது இன்னா?" என்றார்.

ஒழுங்காக வேலை செய்த ஒரு வெப்சைட் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து சாய்கோட்டைப் பழையபடி போட்டு, சர்வரில் ஏற்றினேன். "இப்ப எல்லாரும் தட்டுங்க" என்றேன். மாப்பிள்ளை போனில் பெட்டி. சித்தப்பா போனில் பெட்டி. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவும் தன் போனில் தட்டினார்.

"எனக்கும் அதே பொட்டிதான் வருது" என்றார். பிறகு உள்ளே திரும்பி, காபி போடச் சொன்னார்.

அதுவரை நின்றுகொண்டே இருந்த பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.