ராஜன் என்று ஒருவன் கிடையாது

என் தாய்மாமன் ஒரு பொய்யர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எழுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை. இருந்தாலும் பொய்யர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன மாதம் அதை என் மகளிடமே சொல்லியிருக்கிறார்.

"ராஜன் மாதிரி துணிச்சல் வேணும்டி குட்டி. ஒன் வயசுல அவன் தனியா மாணிக்கக் குழிக்குள்ள எறங்குனவன்."

மகள் என்னிடம் வந்து, "அம்மா, யாரும்மா ராஜன்?" என்று கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கலவானைக்குப் பக்கத்தில். மாமாவும் மாமியும் எங்கள் லயத்திலேயே, அதே வரிசை வீட்டில், அடுத்த காம்பராவில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமா தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே ஆறு பேர் வேலை. மாமா ஒருவர்தான் தமிழ். மற்ற எல்லோரும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள். குழிக்கு முதலாளி டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் மனிதர். எங்கள் லயத்தில் மலைக்கு வேலைக்குப் போகாமல், துரைக்கும் கங்காணிக்கும் பதில் சொல்லாமல் சோறு தின்ற ஒரே ஆள் மாமாதான். அதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு.

அதோடு வாயும் உண்டு. சாயந்தரம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் குழியைப் பற்றித்தான் பேச்சு. முப்பதடி ஆழம் என்பார். நாலு பக்கமும் கமுக மரம் அடித்து, மண் சரியாமல் இருக்க இடுக்கெல்லாம் காட்டுப் பன்னத் தழையை அடைத்திருக்கும் என்பார். குழிக்குக் காவல் தெய்வம் உண்டு, பக்கத்தில் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்பார். பொம்பளைகள் கிட்டேயே வரக்கூடாது, வந்தால் குழி தீட்டுப்பட்டு மாணிக்கம் மண்ணுக்குள் ஓடிவிடும் என்பார். இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு நாள் அவர் சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

"அடியில நின்னு அண்ணாந்து பாரு, பட்டப் பகல்லயே நட்சத்திரம் தெரியும்."

"சத்தியமாவா மாமா?"

"எண்ணியே பார்த்திருக்கேன். ஏழு."

ஏழு என்று கணக்குச் சொன்னதால் நம்பிவிட்டேன். பொய் சொல்கிறவன் 'நெறையத் தெரியும்' என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. அறிவு அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது டிசம்பர் லீவில் ஒரு நாள் மாமா சோற்றுப் பார்சலை மறந்துவிட்டுப் போனார். ஆற்றங்கரைத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிட்டு வரும்படி மாமி என்னை அனுப்பினாள். நான் கடையில் கொடுக்கவில்லை. முந்தின ஆடியில் கதிர்காமத்தில் எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வைத்த நேர்த்தி. முடி அப்போதுதான் ஒரு விரல் நீளம் வளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பையனின் காற்சட்டையையும் சட்டையையும் எடுத்துக்கொண்டேன். திருடினேன் என்றே எழுதுகிறேன். தேயிலைக்குள் உட்கார்ந்து மாற்றிக்கொண்டு, என் சட்டையைச் செடிக்கு அடியில் செருகிவிட்டு, தொங்குபாலத்தில் ஆற்றைத் தாண்டினேன். அந்தப் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை.

வயல் ஓரத்தில் ஓலைக் கொட்டகை. அதன் கீழே குழி. அங்கே ஒருவரும் இல்லை. தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்திவிட்டு எல்லோரும் கொஞ்சம் தள்ளியிருந்த குட்டையில் மண் கழுவப் போயிருந்தார்கள். கூடை அலசும் சத்தம் கேட்டது. மாணிக்க மண் கழுவும்போது யாரும் கண்ணை எடுக்க மாட்டார்கள். முதலாளிகூட அன்றைக்கு வந்து குடையோடு நின்றிருக்கிறார்.

நான் சோற்றுப் பார்சலை வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். தெய்வத்துக்கு மரியாதை தெரிந்த பிள்ளை நான்! பொம்பளை வரக்கூடாது என்பதை விட்டுவிட்டேன், செருப்பை மட்டும் மறக்கவில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் பூ வைத்த செருப்பு, தீபாவளிக்கு வாங்கியது. குழி வாயிலில் இரண்டையும் ஜோடியாக ஒழுங்காக வைத்துவிட்டு இறங்கினேன்.

குறுக்கு மரங்களில் கால் வைத்து இறங்குவது கஷ்டமாக இல்லை. கீழே போகப் போகக் குளிர்ந்தது. பன்னத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அடியில் கால் வைத்ததும் கணுக்கால் வரை சேறு. அண்ணாந்து பார்த்தேன்.

சதுரமாக ஒரு துண்டு வெளிச்சம். கொட்டகை ஓலை. ஓலையில் ஒரு சிலந்தி.

கண் பழகினால் தெரியும் என்று நினைத்துக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பம்ப் நின்றால் குழியில் தண்ணீர் ஏறும் என்பதை மாமா எந்தக் கதையிலும் சொல்லவில்லை. முழங்கால் நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஏறப் போனேன். இறங்கும்போது தெரியாத வழுக்கல் ஏறும்போது தெரிந்தது. இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் விழுந்தேன். தண்ணீர் தொடைக்கு வந்தது. நட்சத்திரத்தை மறந்து "மாமா!" என்று கத்தினேன்.

முதலில் வந்த தலை மாமாவுடையது. பிறகு வேலையை மேற்பார்க்கும் பாஸ், பிறகு இன்னும் மூன்று தலைகள். சதுரம் அடைத்துக்கொண்டது.

"மே கவுத?" என்று பாஸ் கேட்டார். யார் இது?

மாமா என் குட்டை முடியையும் காற்சட்டையையும் பார்த்தார். அப்புறம், "மகே அக்ககே புத்தா" என்றார். என் அக்கா மகன்.

கயிறோடு அவரே கீழே இறங்கி வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டினார். முடிச்சு விழவில்லை, இரண்டாவது தடவையும் விழவில்லை.

"வாயத் தொறந்தே, தொலைச்சிருவேன். மேல போனதும் ஊமையா நில்லு. நீ இப்ப ஆம்பள."

"மாமா, நட்சத்திரம்..."

"மூடு!"

மேலே தூக்கினார்கள். பாஸ் என் தலையில் கை வைத்து, பேர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பின்னாலேயே ஏறி வந்த மாமா மூச்சு வாங்கிக்கொண்டு, "ராஜன்" என்றார். தனியாக முப்பதடி இறங்கியிருக்கிறானே என்று எல்லோரும் சிரித்தார்கள். "ஹொந்த கொல்லா!" என்று பாஸ் முதுகில் தட்டினார். நல்ல பையனாம். அரை ரொட்டி கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மாமா குழி வாயிலைப் பார்த்தார். சிவப்புப் பூ. காலால் மெல்ல இழுத்து, குனிந்து, கட்டியிருந்த சாரத்து மடிப்புக்குள் ஒரு செருப்பைச் செருகிக்கொண்டார். இன்னொன்றைக் காணவில்லை. சேற்றில் போயிருக்கும் என்று நினைத்தோம். முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா. "காலையிலேர்ந்து கொடி கொடியா தேடுறேன், எம் மவன் கால்சட்டை நடந்து வருது பாரு!" அம்மா விறகை எடுத்தாள். மாமி குறுக்கே நின்று இரண்டு அடியைத் தான் வாங்கிக்கொண்டாள். மாமா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நான் இறங்கிய நாலாம் நாள் அந்தக் குழியில் ஒரு நீலக்கல் கிடைத்தது. வருஷக்கணக்காக வெறும் மண் அள்ளிய குழி. பொம்பளை கால் பட்டால் ஓடிவிடும் என்ற மாணிக்கம் ஓடவில்லை. ஆனால் பட்டது பொம்பளை கால் என்று பாஸுக்கு எப்படித் தெரியும்? ராஜன் காலடி ராசி என்றார். அடுத்த மண் கழுவும்போது ராஜன் வர வேண்டும் என்றார். தினமும் கேட்டார். மாமா ராஜனை ஊருக்கு அனுப்பிவிட்டார். இல்லாத பையனுக்கு பஸ் ஏற்றிவிட்டதாகக் கதை சொன்ன ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

தைப்பொங்கலன்று முதலாளியே லயத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பார்சல். அம்மா அவசரமாக எனக்குப் பாவாடை சட்டை மாட்டி, குட்டை முடியில் நாலு ஊசி குத்திப் பூ வைத்தாள். நான் பொங்கல் கொண்டு போய் வைத்தேன்.

"எங்க ஒங்கட ராஜன்?" என்று முதலாளி கேட்டார்.

"பதுளைக்குப் போயிட்டான் மொதலாளி" என்றார் மாமா.

"ஹட்டனுக்கு" என்றாள் மாமி, அதே நேரத்தில்.

"பதுளை போய், அங்கேர்ந்து ஹட்டன்" என்றார் மாமா. நெற்றியில் வேர்வை.

முதலாளி சிரிக்கவில்லை. பொங்கலை நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாங்க மகள். தம்பி வந்தா குடுங்க. கண்ட எடத்துல கழட்டி வைக்க வேணாம் எண்டும் சொல்லுங்க."

அவர் போன பிறகு பிரித்தேன். சேறு போகக் கழுவின என் பழைய செருப்பு ஒன்று. அதோடு புதுச் செருப்பு ஒரு ஜோடி. சிவப்புப் பூ வைத்தது. போட்டுப் பார்த்தேன், அளவெடுத்தது மாதிரி இருந்தது.

"ஆம்பளப் பையனுக்கு யாராவது பூ வச்ச செருப்பு வாங்குவாங்களா? கடைக்காரன் மொதலாளிய நல்லா ஏமாத்திட்டான்" என்று சொல்லிச் சிரித்தேன். ஒருவரும் என்னோடு சிரிக்கவில்லை. மாமா எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

அளவு எப்படிச் சரியாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியாதது அது மட்டுமல்ல. குழியில் பொம்பளை இறங்கினாள் என்று தெரிந்திருந்தால் பாஸும் ஆட்களும் குழியை விட்டே போயிருப்பார்கள், பழி முழுக்க மாமா தலையில் விழுந்திருக்கும், அவர் மறுபடியும் கங்காணி முன்னால் பேர் பதியக் கேட்டு நின்றிருப்பார் என்று தெரியாது. சண்டை நடந்த அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஐந்து பேருக்கு நடுவில் தனியாக நின்ற தமிழனுக்குக் கயிற்றில் முடிச்சு ஏன் விழவில்லை என்று தெரியாது. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் போன ஒரு மனிதர் எங்கள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டார் என்றும் தெரியாது.

சரி, அன்றைக்குப் பொய் வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம்? ராஜன் வளர்ந்தான். மாமா அவனைப் படிக்க வைத்தார். கட்டாருக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் முதலில் வெளிநாடு போனவன், பிறக்காத ராஜன்! திருவிழாவுக்குத் திருவிழா அவனைப் பற்றிச் சொல்லும்போது மாமாவின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை இல்லாத மனிதர், ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டார். எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் கோபம் வருகிறது. பிள்ளை இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது மாமா? அடுத்த காம்பராவில் நான் இருந்தேனே. தண்ணீர் ஏறும்போது அம்மாவைக் கூப்பிடாமல் உங்களைத்தானே கூப்பிட்டேன்?

முதலாளி மவுத்தாகிவிட்டார். பாஸும் இல்லை. குழியை மூடி வாழை நட்டுவிட்டார்கள். இனி யாருக்கும் வேலை போகாது.

வருகிற திருவிழாவுக்கு நான் மகளோடு வருகிறேன். அவளுக்குப் பூ வைத்த செருப்பு வாங்கியிருக்கிறேன். கோயில் வாசலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் கழற்றி வைப்பாள். நீங்கள் ஒளிக்க வேண்டாம். முதல் மரியாதை வாங்கியதும் மைக்கைப் பிடியுங்கள். இரண்டே கேள்வி. பகலில் குழிக்குள்ளிருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரியுமா, தெரியாதா? அன்றைக்கு அந்தக் குழிக்குள் இறங்கியது யார்?

தோட்டமே கேட்கட்டும். சொல்லுங்கள் மாமா.